வேலை போன மாதத்திலும் குடும்ப ஜெபம்: பதின்வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சில குறிப்புகள்

ஓசூர் சிப்காட்டையும் சூளகிரி, பாகலூர் பக்கத்துக் கம்பெனிகளையும் நம்பி வாழும் குடும்பங்களுக்குக் கஷ்டம் வரும் வழி நமக்குத் தெரிந்ததுதான். ஆர்டர் குறையும், ஓவர்டைம் நிற்கும், பிறகு கான்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டார்கள். தெற்கு மாவட்டங்களிலிருந்து வந்தவர்களுக்குத் தாத்தா பாட்டியும் பக்கத்தில் இல்லை. அந்த நாட்களில் பிள்ளைகளுக்கு ஆராதனையைச் சொல்லித்தர, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் உதவும் குறிப்புகள் இவை.

1. முதலில் நிலவரத்தைச் சொல்லுங்கள். "எல்லாம் கர்த்தர் பார்த்துக்குவார்" என்று பேச்சை முடித்துவிட்டால், அப்பா ஃபோனில் பேசுவதை ஒட்டுக்கேட்டுத்தான் பிள்ளை விஷயத்தைத் தெரிந்துகொள்ளும். வாடகை, ஸ்கூல் ஃபீஸ், நகைக்கடன் வட்டி எல்லாவற்றையும் அவர்கள் எதிரிலேயே பேசுங்கள். அதன்பிறகு ஜெபியுங்கள். எதற்காக ஜெபிக்கிறோம் என்று தெரிந்தால்தான் ஆமென் மனதிலிருந்து வரும்.

2. ஜெப நேரத்தை ஷிப்டுக்கு ஏற்ப மாற்றுங்கள். அப்பாவுக்கு நைட் ஷிப்ட், அம்மாவுக்கு மதிய ஷிப்ட் என்றால் இரவு எட்டு மணி ஜெபம் நடக்காது. வாரத் தொடக்கத்தில் காலண்டரில் ஷிப்டையும் அதன் பக்கத்தில் ஜெப நேரத்தையும் எழுதிவிடுங்கள். பத்து நிமிடம் போதும். பெரியவர்கள் இல்லாத நாளில் பிள்ளையே நடத்தட்டும்.

3. புலம்பவும் கற்றுக்கொடுங்கள். கஷ்டத்தில் துதிக்க வேண்டும் என்று சொல்லும் நாம், வேதத்தில் எவ்வளவு புலம்பல் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதே இல்லை. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். 13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (கத்தோலிக்கர் வீட்டில் திருப்பாடல் 13). ஆறே வசனம். இன்னும் எத்தனை காலம் என்று நான்கு முறை கடவுளைக் கேட்டுவிட்டு, கடைசியில்தான் பாட்டுக்கு வருகிறது. 88ஆம் சங்கீதம் அப்படிக்கூட வருவதில்லை, இருளிலேயே முடிகிறது. அதுவும் ஆராதனைப் பாட்டாகத்தான் வேதத்தில் நிற்கிறது.

படித்தபின் ஆளுக்கொரு தாள் கொடுங்கள். மேல்பாதியில் கடவுளிடம் கேட்க நினைக்கும் கேள்வி, கீழ்பாதியில் இன்றைக்கும் அவரைப் பற்றி நம்பும் ஒரு விஷயம். கீழ்பாதி காலியாக இருந்தால் இருக்கட்டும், வற்புறுத்தாதீர்கள். தாளை வாங்கிப் படிக்கவும் வேண்டாம்.

4. இந்த வார்த்தைகளைத் தவிருங்கள்: "உனக்கு விசுவாசம் பத்தல", "நம்ம வீட்ல ஏதோ பாவம் இருக்கு". சொன்னவர் மறந்துவிடுவார், கேட்ட பிள்ளை மறக்காது.

5. ஜெபித்தும் ஏன் சரியாகவில்லை என்று கேட்டால், டோனாவூரில் பணிசெய்த மிஷனரி ஏமி கார்மைக்கேலைப் பற்றிச் சொல்லுங்கள். 1931இல் கீழே விழுந்து அடிபட்டவர், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே இருந்தார். சுகத்துக்காக எத்தனையோ பேர் ஜெபித்தார்கள், அவர் பழையபடி எழுந்து நடமாடவில்லை. ஆனால் அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார். இன்னொருவரையும் சொல்லலாம்: ஜெர்மனியில் மார்ட்டின் ரிங்கார்ட் என்ற போதகர் 1637 கொள்ளைநோயில் 4,000க்கும் மேற்பட்டவர்களை அடக்கம் செய்தார். அவர்களில் அவருடைய மனைவியும் ஒருவர். உலகமெங்கும் இன்றும் பாடும் ஒரு நன்றிப் பாட்டை எழுதியவர் அவர்தான். இதைத் தெரிந்துகொண்டு பாடும் பிள்ளைக்கு நன்றி என்ற சொல் கனமாகத் தெரியும்.

6. 2020ஐ நினைவுபடுத்துங்கள். மார்ச் 25 முதல் கொரோனா ஊரடங்கு. அத்திப்பள்ளி எல்லையில் கெடுபிடி, பெங்களூரு வேலைக்குப் போய்வந்தவர்கள் வீட்டில் முடங்கினார்கள். ஏப்ரல் 10 பெரிய வெள்ளியும் 12 ஈஸ்டரும் ஃபோன் திரையில்தான் நடந்தன. எல்லா ஆலயங்களும் திறக்க செப்டம்பர் 1 ஆனது. இப்போதைய பதின்வயதினர் அன்று சிறு பிள்ளைகள். அந்த மாதங்களில் எது பயமாக இருந்தது, யார் அரிசி கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லும்வரை காத்திருங்கள்.

7. எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் ஜெபிக்கட்டும். இந்த எல்லைப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து பேசும் பிள்ளைகள் அதிகம்.

8. சபைக்கு வரமாட்டேன் என்று பிள்ளை சொன்னால், அந்த ஞாயிறே சண்டை வேண்டாம். பெரும்பாலும் பிரச்சினை கடவுளிடம் இல்லை, "அப்பா இப்ப எங்க வேலை பார்க்கிறார்?" என்று விசாரிக்கும் ஆட்களிடம்தான். பழக்கமான ஒரு அண்ணனோ அக்காவோ பக்கத்தில் உட்கார ஏற்பாடு செய்யுங்கள். வாலிபர் கூட்டத்தில் கிட்டார், கீபோர்டு, ஸ்பீக்கர் என்று ஏதாவது ஒரு பொறுப்பை ஒப்படைத்தால் மறுபடி வருவார்கள்.

9. தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, சாகிறேன் என்ற பேச்சு வந்தால், ஜெபத்தோடு மட்டும் நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416, தமிழக சுகாதார உதவிக்கு 104, குழந்தைகளுக்கு 1098. மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல. இதைச் சபையில் போதகர் வாயால் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள்.

10. இல்லாத மாதத்திலும் கொடுக்கப் பழக்குங்கள். சிப்காட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் ஒடிசா, பீகார் பையன்கள் காய்ச்சலோடு தனியாகப் படுத்திருப்பார்கள். ஒரு தூக்குச் சட்டியில் ரசம் சாதம் போதும். பிள்ளையையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள், ஃபோட்டோ எடுக்க வேண்டாம்.