படமரம் வளைந்த கதை

எங்கள் வீட்டுக் குழித்தறியைப் பிரித்துவிடுவதென்று சென்ற கோடை விடுமுறையில் முடிவாயிற்று. தாத்தா நாற்பதாண்டுகள் கைலி நெய்த தறி அது. பிரிக்குமுன் ஒரு படமாவது எடுத்து வைப்போமென்று நண்பர் ஒருவரிடம் கேமராவும் 18-55 மி.மீ. ஜூம் லென்சும் இரவல் வாங்கினேன். தறிக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே ஏழடிதான். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு 18-இல் வைத்த பிறகே தறி முழுவதும் அடங்கிற்று.

படத்தைப் பார்த்த தாத்தா, “ஏம்பா, படமரம் வளைஞ்சிருக்குதே? வளைஞ்ச மரத்துலயா இத்தனை வருசம் நெஞ்சேன்?” என்றார். மூன்றாண்டு இயற்பியல் படித்த எனக்கு உடனே விடை சொல்ல வாய் வரவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

லென்சின் குறைகளை 1857-இல் செய்டல் என்னும் ஜெர்மானியக் கணித அறிஞர் ஐந்தாக வகுத்தார். முதல் நான்கும் படத்தின் தெளிவைக் கெடுப்பவை. ஐந்தாவதான உருத்திரிபு அப்படியன்று. படம் தெளிவாகவே இருக்கும், புள்ளிகள்தாம் இடம் மாறி விழும். ஆகவே துவாரத்தைச் சுருக்கினாலும் இது போகாது. உருப்பெருக்கம் ஓரத்தில் குறைந்தால் நேர்கோடுகள் பீப்பாயின் பலகைபோல வெளியே பிதுங்கும். ஓரத்தில் கூடினால் நடுவில் உள்நோக்கி ஒடுங்கும்.

நம் ஆய்வுக்கூடத்திலேயே இதைக் காணலாம். வெளிச்சம் படும் வரைபடத்தாள் ஒன்றின் பிம்பத்தைக் குவிலென்சால் திரையில் விழச் செய்யுங்கள். துளையிட்ட கறுப்பு அட்டையை லென்சுக்கு முன்னே சற்றுத் தள்ளி வைத்தால் கட்டங்கள் பிதுங்கும். பின்னே வைத்தால் ஒடுங்கும். துளையின் இருபுறமும் ஒரேமாதிரி லென்சுகளை வைத்தால் ஒன்றின் பிழையை மற்றது பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். 1866-இல் டால்மேயர் லண்டனிலும் ஸ்டைன்ஹைல் ஜெர்மனியிலும் தனித்தனியே இந்த வழியில் லென்சு செய்தனர். கட்டடங்களைப் படமெடுப்போருக்கு அது பெரும் உதவியாயிற்று.

பிறகு ஏன் என் படம் வளைந்தது? கண்ணாடி மடங்கும் கேமராவில் அகலக்கோண லென்சு அக்கண்ணாடிக்கு இடம்விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அதற்காக முன்னே விரிக்கும் தொகுதியையும் பின்னே குவிக்கும் தொகுதியையும் அமைப்பர். சமச்சீர் போய்விடுகிறது, பீப்பாய் வந்துவிடுகிறது. ஜூமின் அகலமுனையில் இது மிகுதி, 28-ஐ நெருங்கும்போது பெரும்பாலும் தணிகிறது. கேமராவை மேல்நோக்கிச் சாய்ப்பதால் தூண்கள் கூம்புவதும், ஓரத்தில் நிற்கும் அத்தை பருத்துத் தெரிவதும் வேறு. அவற்றுக்கு லென்சைத் திட்டிப் பயனில்லை.

கணினியில் திருத்தலாமே என்பீர்கள். திருத்தலாம், ஓரம் வெட்டுப்படும், மூலைகள் இழுபடும். இன்றைய பல கேமராக்கள் நம்மைக் கேளாமலே திருத்திக் காட்டுகின்றன. கடையில் சோதிப்பவர் அதை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். சோதனைக்குச் சுவரின் குறுக்கே இழுத்துக் கட்டிய பாவு நூல் ஒன்று போதும். அதைப் படத்தின் மேலோரத்தை ஒட்டி விழச் செய்யுங்கள். (கட்டம்போட்ட கைலியைத் தொங்கவிட்டு நான் ஏமாந்தேன், துணியே இழுபட்டிருந்தது.)

வாங்குமுன் ஒரு பெருக்கல் செய்வது நல்லது. பொருளின் அகலத்தைக் குவியத்தூரத்தால் பெருக்கி, உணரியின் அகலத்தால் வகுத்தால் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டுமென்று தெரியும். தறி எட்டடி, உணரி 22.3 மி.மீ. ஆக, 18-க்கு ஆறரை அடி, 28-க்குப் பத்தடி. எனக்குக் குறைந்தது மூன்றடி.

என் முதுகுக்குப் பின்னால் நூல்மூட்டைகள் மறைத்த ஒரு கதவு இருந்தது. மூட்டைகளை நகர்த்திக் கதவைத் திறந்து, வெளியே மூன்றடி தள்ளி ஸ்டாண்டை நிறுத்தினேன். நிலையின் அகலம் மூன்றடி; 28-இல் அவ்விடத்துக் காட்சியின் அகலம் இரண்டரை அடிக்குள்தான். தறி அசையப் போவதில்லை, எனவே இருட்டறையிலும் நிதானமாக ஒளி விடலாம்.

பிரதி வந்ததும் தாத்தா ஒரு நூலைக் கேட்டு வாங்கினார். அதைப் படத்தில் படமரத்தின்மேல் இழுத்துப் பிடித்துப் பார்த்தார். “இப்ப சரி” என்றார். அடுத்த திங்களன்று தறியைப் பிரித்தார்கள்.