பி.ஏ. படிச்சு என்ன பண்ணப் போற?

அன்புள்ள தங்கைக்கு,

பிளஸ் டூ முடிக்கப் போகிறாய். மேலே உள்ள கேள்வியை ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுத் திண்ணைவரை எல்லோரும் கேட்பார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. சாமை விற்ற காசில் பிள்ளையைக் கீழ்நாட்டுக்குப் படிக்க அனுப்புகிறவர்களுக்கு, அந்தக் காசு வீணாகிவிடுமோ என்ற கவலை இருக்கத்தான் செய்யும். அவர்களுக்குச் சொல்லப் பதில் ஜவ்வாது மலையிலேயே இருக்கிறது.

2024 பிப்ரவரியில், புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். மலையாளிப் பழங்குடிப் பெண், வயது 23. பிரசவமான கையோடு சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதியதைப் பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அவர் படித்தது பி.ஏ., பி.எல். என்பதை யாரும் நின்று கவனிக்கவில்லை. சட்டத்தோடு அரசியலும் சமூகவியலும் சேர்த்துப் படிக்க வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே வரப்பைப் பற்றி இரண்டு தரப்பும் இரண்டு கதை சொல்லும். எது நிற்கும் என்று பார்த்து, ஏன் நிற்கும் என்பதை மேல்கோர்ட்டும் ஒப்பும்படி எழுத வேண்டும். நீதிபதியின் அன்றாட வேலை அதுதான்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. ஸ்ரீபதியை வாழ்த்தியபோது முதல்வர் இதையும் குறிப்பிட்டார்.

எல்லோரும் நீதிபதி ஆக முடியாதே என்பாய். சரி, உன் ஊருக்கே வா.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் பயிர் செய்துவரும் பழங்குடிக் குடும்பம் 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். மனு முதலில் கிராம சபைக்குப் போகிறது. எதெல்லாம் சான்று என்பதை 2008ஆம் ஆண்டு விதிகளில் 13ஆம் விதி சொல்கிறது: அரசுப் பதிவேடு, பழைய கெசட்டியர், வீடு, வரப்பு, தடுப்பணை, வம்சாவளி. மனுதாரர் அல்லாத பெரியவர் ஒருவர் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சான்று. ஆனால் ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

ஒரு தாத்தா சொல்கிறார் என்று வை: "பஞ்சத்துக்கு முந்தியே எங்கப்பா இந்தப் பாறையோரம் சாமை போட்டாரு." எந்தப் பஞ்சம்? வரலாறு படித்தவளுக்கு ஆண்டு பிடிபடும். எந்தப் பாறை? புவியியல் படித்தவள் வரைபடத்தில் குறிப்பாள். அப்பாவின் பெயர் பழைய பதிவேட்டில் வேறு எழுத்தில் இருந்தால் அவரும் இவரும் ஒருவர்தான் என்று வம்சாவளி எழுதிக் காட்ட மானுடவியல் உதவும். தாத்தாவின் பேச்சைச் சிதைக்காமல், அதிகாரி சந்தேகப்பட இடம் வைக்காமல் எழுதத் தமிழ் வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவர்களைத் தொண்டு நிறுவனங்களும், வழக்கறிஞர்களும், பத்திரிகைகளும் சம்பளம் கொடுத்துத் தேடுகிறார்கள்.

மலைக்குத் தெற்கே செங்கம் வட்டாரத்தில், நடந்ததை எழுதிவைக்கும் இதே வேலையைக் கல்லில் செய்தார்கள். எடத்தனூரில் ஒரு நடுகல். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரும் அதில் இருக்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறதென்றால், வட்டெழுத்தைப் படிக்கக் கற்றவர்கள் இருந்ததால்தான். கல்வெட்டுப் படிப்பு இன்றும் தொல்லியல் துறையில் ஒரு உத்தியோகம்.

ஒரு எச்சரிக்கை. தேர்வுக்கு முந்தின வாரம் கைடை மனப்பாடம் செய்து வாங்குகிற பி.ஏ.வுக்கு இந்த மதிப்பெல்லாம் கிடையாது. திண்ணைக்காரர்களின் பயம் பலித்துவிடும். சேருவதற்கு முன், அந்தத் துறை மாணவர்கள் மூன்று வருஷத்தில் எத்தனை கட்டுரை சொந்தமாக எழுதினார்கள், எத்தனை நாள் களத்துக்குப் போனார்கள் என்று விசாரி. செலவுக்கு, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. விண்ணப்பிக்க மறக்காதே.

லீவு விட்டதும் ஒரு நோட்டு வாங்கு. ஊரில் மூத்தவர் யாரோ அவரிடம் போய், உங்கள் கொல்லைகள் ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர், யார் முதலில் திருத்தியது என்று கேள். நாள், ஊர், சொன்னவர் பெயர், வயது ஆகியவற்றை முதல் வரியில் எழுது. அவர் சொன்ன சொல்லை மாற்றாதே. எழுதியதை அவருக்கே படித்துக் காட்டி, தப்பிருந்தால் திருத்திக்கொள்.

அன்புடன்,
உன் அக்கா