கடலுக்குப் போகுமுன் கார்டு பில்

இனயம் கடற்கரையிலிருந்து ஆழ்கடல் தங்கல் மீன்பிடிப்புக்குப் போகிறவர்கள் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும்; கரை மறைந்த சிறிது நேரத்தில் செல்போன் சிக்னலும் போய்விடும். ஓடிபி கேட்கும் எதையும் அங்கிருந்து கட்ட முடியாது. ஆகவே கிரெடிட் கார்டு பில்லுக்கு வங்கிக் கணக்கிலிருந்து ‘முழுத் தொகை’ ஆட்டோ டெபிட் கொடுத்துவிடுங்கள். ‘குறைந்தபட்சத் தொகை’ என்றால் அபராதம் தப்பும், வட்டி தப்பாது. கெடு தாண்டியும் 3 நாள் அவகாசம் உண்டே என்பார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அது உண்மைதான். ஆனால் நீண்ட தங்கலுக்கு அது எந்த மூலைக்கு?

தவறாகக் கூடுதல் பணம் போய்விடுமோ என்ற பயமும் நியாயமே. அதற்காக ஆட்டோ டெபிட்டைக் கைவிட வேண்டாம். பில்லுக்கு வேண்டிய பணத்தை மட்டும் தனிக் கணக்கில் போட்டு, கார்டின் செலவு வரம்பையும் குறைத்துவிடுங்கள். கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும் கட்டணம் 15,000 ரூபாயைத் தாண்டினால் பொதுவாக ஓடிபி கேட்கும். அதைக் கிளம்புமுன்பே கட்டிவிடுங்கள்.