தரவு அறிவியலில் முதல் வேலை: பொங்கோலில் கிடைக்கும் பாடம்

தரவு அறிவியல் என்றால் என்ன என்று விளக்கும் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. 2012இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழ் இதை இந்த நூற்றாண்டின் மிகக் கவர்ச்சியான வேலை என்று வருணித்ததிலிருந்து எழுதித் தள்ளிவிட்டார்கள். அதை இங்கே மீண்டும் சொல்லப் போவதில்லை. இறுதியாண்டில் இருக்கும் நம்மை உறுத்தும் கேள்வி வேறு. அனுபவம் இல்லை என்றால் வேலை தர மாட்டார்கள். வேலை தராமல் அனுபவம் எங்கிருந்து வரும்?

இதற்கு விடை தேடும்முன் நம் ஊரில் நடந்த ஒன்றை நினைவுபடுத்துகிறேன். 2016 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை வட்டப்பாதை ரயில்கள் காரணம் தெரியாமல் இடைவழியில் நின்றன. சமிக்ஞைத் தொடர்பு அறுந்தால் ரயில் தானாக அவசரத் தடை போட்டுக்கொள்ளும். அதுதான் திரும்பத் திரும்ப நிகழ்ந்தது. நவம்பர் 5ஆம் தேதி, அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பைச் சேர்ந்த டேனியல் சிம், லீ ஷாங்சியான், கிளாரன்ஸ் இங் ஆகிய மூவரிடம் சம்பவப் பட்டியல் வந்து சேர்ந்தது. தேதி, நேரம், இடம், ரயில் எண், செல்லும் திசை. அவ்வளவே.

நேரத்தைப் பார்த்தார்கள், நாள் முழுதும் பரவியிருந்தது. இடத்தைப் பார்த்தார்கள், பாதை முழுதும் பரவியிருந்தது. ரயில் எண்ணிலும் துப்பு இல்லை. பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் ரயில் அட்டவணையை வரைய மாரே பயன்படுத்திய பழைய முறைக்குப் போனார்கள். ஓர் அச்சில் நேரம், மற்றதில் நிலையங்கள். புள்ளிகளை வைத்ததும் ஒரு விஷயம் துலங்கியது. ஒரு ரயில் நின்றால், சற்று நேரத்தில் அதன் பின்னால் வந்த ரயிலும் நின்றது. அப்படியானால் எதிர்த் தண்டவாளத்தில் ஏதோ ஒன்று இவற்றைக் கடந்து போகிறது! பழைய பதிவுகளைத் தேடியபோது சிக்கியது பிவி46 என்ற ரயில். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையிலான சம்பவங்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் அதன் தலையில் விழுந்தன. மறுநாள் அதை ஓட்டிப் பார்த்து உறுதிசெய்தார்கள்.

இதில் நான் வியப்பது ஒன்றைத்தான். குற்றவாளி ரயில் சம்பவப் பட்டியலில் சிக்கவில்லை. அது மற்றவற்றைத்தான் நிறுத்தியது. பட்டியலில் இல்லாததைப் பட்டியலிலிருந்தே கண்டுபிடித்தார்கள். பயன்படுத்திய கருவிகளோ பைத்தான், பாண்டாஸ், மேட்பிளாட்லிப். நம்மில் பலர் இரண்டாம் ஆண்டிலேயே தொட்டவை. ஆழ்கற்றல் எதுவும் அங்கே இல்லை.

ஆகவே முதல் வேலைக்குக் காட்ட வேண்டியது நமக்குத் தெரிந்த கருவிகளின் நீண்ட பட்டியல் அல்ல என்பது என் கருத்து. ஒரு கேள்வியை எடுத்து, அழுக்கான தரவோடு மல்லுக்கட்டி, ஒரு விடைக்கு வந்த அடையாளம் வேண்டும். டைட்டானிக் கப்பலில் யார் பிழைத்தார்கள் என்ற பயிற்சியை எல்லாரும் செய்தாகிவிட்டது. அதை விட்டுவிடுங்கள்; நம் வாசலிலேயே தரவு கொட்டிக் கிடக்கிறது.

பொங்கோலை எடுத்துக்கொள்வோம். 1990 முதல் நடந்த வீவக மறுவிற்பனைகளின் விவரங்கள் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்து கோப்புகள். ஒட்டிவிட்டால் முடிந்தது என்று தோன்றும், ஆனால் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. முதல் இரண்டு கோப்புகளில் இருப்பது விற்பனைக்கு ஒப்புதல் கிடைத்த தேதி. 2012 மார்ச்சுக்குப் பிந்தியவற்றில் இருப்பது பதிவான தேதி. மீதமுள்ள குத்தகைக் காலம் பழைய கோப்புகளில் கிடையாது. 2015, 2016இல் வெறும் எண். 2017 முதல் ஆண்டும் மாதமும் சேர்ந்த எழுத்து. மாடியும் '10 முதல் 12' என்று எழுத்தாகவே இருக்கும்.

இனி ஒரு கேள்வி. 2024 டிசம்பர் 10இல் பொங்கோல் கோஸ்ட் நிலையம் திறக்கப்பட்டது. அதனால் அருகிலுள்ள வீடுகளின் விலை ஏறியதா? ஒன்மேப்பிலிருந்து ஒவ்வொரு புளோக்கும் இருக்கும் இடத்தை எடுத்து, நிலையத்திற்குள்ள தூரத்தைக் கணக்கிட்டு இணைக்க வேண்டும். புளோக் எண்ணை மட்டும் வைத்து இணைத்தால் வரிசைகள் பெருகிவிடும், ஏனென்றால் அதே எண் வேறு தெருவிலும் இருக்கும். தெருப் பெயரையும் சேர்த்தே இணைக்க வேண்டும். இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிசைகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் இப்படித்தான் வரும்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. வீவக வீட்டைப் பொதுவாக ஐந்தாண்டு குடியிருந்த பிறகே விற்கலாம். பொங்கோல் போன்ற இளம் நகரில் ஒரு தொகுதி ஐந்தாண்டைத் தாண்டியதும், நீண்ட குத்தகை மிச்சமுள்ள புதிய வீடுகள் மொத்தமாகச் சந்தைக்கு வரும். சராசரி விலை துள்ளும். எந்தத் தனி வீட்டின் விலையும் ஏறாமலே அது நடக்கலாம். விற்ற வீடுகளின் கலவை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரே வகை, ஒத்த பரப்பளவு, ஒத்த குத்தகைக் காலம் உள்ள வீடுகளை ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். அப்போதும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. நிலையம் வரப்போகும் அறிவிப்பு 2013இலேயே வந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு முன்பே விலை அதை விழுங்கியிருக்கலாம். 'திட்டமாகச் சொல்ல முடியவில்லை, காரணம் இது' என்று ஒரு பக்கம் எழுதத் தெரிந்தவரை நேர்முகத் தேர்வில் எளிதில் ஒதுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

என்னைப் போல மலேசியாவில் தமிழ்ப்பள்ளி, பிறகு தேசியப் பள்ளி என்று படித்து இங்கே வந்தவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கல்விக் கட்டண மானியம் பெற்ற வெளிநாட்டு மாணவர், பட்டம் பெற்றபின் மூன்றாண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். அதாவது வேலை கிடைப்பது நமக்கு ஆசை மட்டுமல்ல, ஒப்பந்தக் கடமையும்கூட. மறுபக்கம், எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரியில் 5,600 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. நிதித் துறைக்கு 6,200. 2023 செப்டம்பர் முதல் காம்பஸ் புள்ளிக் கணக்கும் சேர்ந்தது, தேற 40 புள்ளி வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் விண்ணப்பிக்கும்முன் மைகேரியர்ஸ்ஃபியூச்சர் தளத்தில் 14 நாள் விளம்பரம் செய்யவும் வேண்டும். கடைசித் தேர்வு முடிந்தபின் தேடத் தொடங்குவது நமக்குக் கட்டுப்படியாகாது. சென்ற ஆண்டு வேலைப் பயிற்சி கொடுத்த இடத்திலேயே ஒரு வார்த்தை கேட்டு வைப்பது உத்தமம்.

பதவிப் பெயரில் பிடிவாதம் வேண்டாம். தரவு அறிவியலாளர் என்ற பலகை தொங்கும் இடங்கள் பெரும்பாலும் முதுகலையோ சில ஆண்டு அனுபவமோ கேட்கின்றன. தரவு ஆய்வாளர், வணிக ஆய்வாளர், தரவுப் பொறியாளர் என்ற பெயர்களிலும் தேடுங்கள். செய்யும் வேலையில் பாதி ஒன்றுதான். இந்த வேலைகளுக்கெல்லாம் எஸ்கியூஎல் கட்டாயம் கேட்பார்கள். பொங்கோல் கோப்புகளை எக்செலில் திறக்காமல் ஒரு தரவுத்தளத்தில் ஏற்றி, மேலே சொன்ன ஒப்பீட்டை எஸ்கியூஎல்லிலேயே எழுதிப் பாருங்கள். இரண்டு வார இறுதிகள் போதும்.