தேவதைக் கதையும் திருமண வாக்கும்

"மகள் எந்நேரமும் கதைப்புத்தகமும் கையுமாய் இருக்கிறாள் சுவாமி. காதல் கதையாம். வாசிக்க விடலாமா?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. என்ன கதை என்று விசாரித்தால், கோட்டை, பிரபு, வனத்திலே வளர்ந்த ஏழைப் பெண் என்று பதில் வரும். ஆங்கிலத்தில் இப்போது இத்தகைய நூல்கள் பல வெளிவருகின்றன. பழைய தேவதைக் கதையொன்றை எடுத்து, மத்திய கால ஐரோப்பாவில் நடப்பதாக வைத்து, விரசமின்றி, செபமும் விசுவாசமும் கலந்து பதின்ம வயதினருக்காக எழுதுகிறார்கள். இவற்றை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடுதல் நியாயமன்று. அதற்காக, விரசம் இல்லை என்பதைக் கொண்டே நல்ல நூல் என்று முத்திரை குத்திவிடவும் முடியாது.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். அமெரிக்க எழுத்தாளர் மெலனி டிக்கர்சன் 2010 இல் வெளியிட்ட 'த ஹீலர்ஸ் அப்ரென்டிஸ்' என்னும் நாவல், 'உறங்கும் அழகி' கதையைத் தழுவியது. கதை நடப்பது 14 ஆம் நூற்றாண்டு ஜேர்மனியில். விறகுவெட்டியின் மகளாக வளர்ந்த றோஸ், கோட்டையிலே வைத்தியம் பார்க்கும் ஒரு பெண்மணியிடம் தொழில் பழகுகிறாள். இரத்தத்தைக் கண்டாலே அவளுக்குத் தலைசுற்றும். அப்படிப்பட்டவள் ஒருநாள் காயமுற்று வந்த இளம் பிரபு ஹாம்லினுக்குத் தானே சிகிச்சை செய்ய நேர்கிறது. இருவர் உள்ளமும் ஒன்றையொன்று நாடுகின்றன. ஆனால் பிரபுவுக்கோ முன்பே வேறொரு பெண் நிச்சயிக்கப்பட்டிருக்கிறாள். பகைவனுக்கு அஞ்சி எங்கோ மறைத்து வளர்க்கப்படும் கோமகள் அவள். அவன் அவளைக் கண்டதே இல்லை.

காணாத ஒருத்திக்குக் கொடுத்த வாக்கா, கண்ட ஒருத்திமேல் கொண்ட அன்பா? இக்கேள்வியை ஒரு சிறுவர் நாவல் இவ்வளவு பாரமாக எடுத்துக்கொள்வது பாராட்டுக்குரியது. முடிவிலோ, றோஸ்தான் அந்த மறைக்கப்பட்ட கோமகள் என்று தெரியவருகிறது! வாக்கும் நிலைத்தது, காதலும் வென்றது. தேவதைக் கதைக்கு இது பொருந்தும், குறை சொல்லமாட்டேன். ஆயினும், அவள் உண்மையிலேயே விறகுவெட்டியின் மகளாக மட்டும் இருந்திருந்தால் அவன் என்ன செய்திருக்க வேண்டும்? புத்தகத்தை மூடிய பிள்ளையிடம் தாயோ தந்தையோ கேட்க வேண்டிய கேள்வி இதுவே. ஆசிரியர் அதற்குப் பதில் சொல்லாமல் தப்பிவிட்டார்.

அக்காலத் திருச்சபையிடம் அதற்குப் பதில் இருந்தது. மத்திய காலம் என்றதும், பெண்ணின் சம்மதத்தை எவரும் கேட்காத காலம் என்றே பலர் எண்ணுகின்றனர். குடும்பங்கள் நிலத்துக்காகவும் பதவிக்காகவும் பிள்ளைகளைத் தொட்டிலிலேயே நிச்சயித்தது மெய்தான். திருச்சபைச் சட்டமோ வேறுவிதமாகப் பேசிற்று. 12 ஆம் நூற்றாண்டில் பேதுரு லொம்பார்து போன்ற அறிஞரும், 1159 முதல் 1181 வரை ஆண்ட பாப்பரசர் 3 ஆம் அலெக்சாந்தரும் வகுத்த போதனையின்படி, திருமணத்தை உண்டாக்குவது மணமக்கள் இருவரின் சம்மதமே. 'மணம் செய்வேன்' என்று வருங்காலத்தைக் குறித்துச் சொல்வது வாக்குறுதி. 'இப்போது உன்னை ஏற்கிறேன்' என்பதே திருமணம். பெண்ணுக்கு 12 வயதும் ஆணுக்கு 14 வயதும் வேண்டும். அதற்கு முன் பெற்றோர் நிச்சயித்ததை, வயது வந்தபின் பிள்ளை மறுக்கவும் இடமிருந்தது. ஆகவே ஹாம்லினின் இக்கட்டு, நாவலில் தோன்றும் அளவுக்கு வழியற்றதன்று.

இப்போதனையால் தொல்லையும் விளைந்தது. குருவும் சாட்சியும் இன்றி இரகசியமாகச் சம்மதித்துவிட்டு, பின்னர் "நான் அப்படிச் சொல்லவேயில்லை" என்று மறுத்தவர்கள் உண்டு. பெரும்பாலும் ஏமாந்தவள் பெண்ணே. அதனால்தான் 1215 இல் நான்காம் லாத்தரன் சங்கம் திருமண அறிவித்தலைக் கோவிலில் பகிரங்கமாக வாசிக்கும்படி கட்டளையிட்டது. நம் கோவில்களில் ஞாயிறுதோறும் அரைக்காதோடு கேட்கிறோமே, அந்த அறிவித்தலின் பின்னணி இது. 1563 இல் திரெந்து சங்கம் ஒருபடி மேலே சென்று, பங்குக் குருவும் சாட்சிகளும் இன்றேல் திருமணமே செல்லாது என்றது. பெற்றோரின் அனுமதி இல்லாததும் செல்லாதென அறிவிக்கும்படி பிரெஞ்சு அரசர் தரப்பு வற்புறுத்தியும் சங்கத் தந்தையர் அதற்கு இணங்கவில்லை.

பழைய கதைகளே தூய்மையானவை, நம் காலத்தவர்தாம் கெடுத்துவிட்டார்கள் என்று நினைப்பவருக்கும் ஒரு வார்த்தை. 1634 முதல் 1636 வரை அச்சான இத்தாலியர் பசிலேயின் தொகுப்பில், உறங்கும் பெண்ணுக்கு அரசன் இழைப்பது பெருந்தீங்கு. அவனோ ஏற்கெனவே மணமானவன்! 1697 இல் பிரெஞ்சுக்காரர் பெரோ அதை நீக்கியே எழுதினார். இக்கதையைத் துப்புரவாக்கும் வேலை இன்று நேற்றுத் தொடங்கியதன்று.

இத்தகைய நாவலை விரும்பும் பிள்ளையின் கையில், அதோடு சேர்த்து அங்கேரி நாட்டுப் புனித எலிசபெத்தின் வரலாற்றையும் கொடுங்கள். அரசனின் மகளாக 1207 இல் பிறந்த அவர், நான்கு வயதிலேயே நிச்சயதார்த்தத்தின் பேரில் ஜேர்மனியின் துரிங்கியாவுக்கு அனுப்பப்பட்டார். அரண்மனையில் சிலர் அவரைத் திருப்பி அனுப்பிவிட முயன்றனர். கோமகன் லூட்விக் அதற்கு இடங்கொடாமல் 1221 இல் அவரையே மணந்தார். குடும்பங்கள் பேசி முடித்த மணம்தான். எனினும், கணவரோடு அவர் குதிரையேறி நெடும்பயணம் போனதையும், கணவர் ஊரில் இல்லாத நாட்களில் நல்லுடை களைந்து எளிய உடை தரித்ததையும் பணிப்பெண்கள் பின்னர் சாட்சியமாகச் சொன்னார்கள். தேவதைக் கதைகள் மணவறையோடு முடிந்துவிடும். இவரது கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1227 இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட லூட்விக், கப்பலேறும் வேளையில் ஒத்ராந்தோவில் காய்ச்சலால் இறந்தார். மூன்றாவது குழந்தை பிறக்கச் சில வாரங்களே இருந்தன. மறு ஆண்டு அவருடைய எலும்புகளைத் தோழர்கள் கொண்டுவந்தபோது, பாம்பெர்க் நகரிலே எலிசபெத் அவற்றை எதிர்கொண்டார். வயது 20. அவ்வாண்டே மார்புர்க்கில் ஒரு மருத்துவமனையை அமைத்து, 1231 இல் இறக்கும்வரை அங்கு வந்த நோயாளரைத் தம் கைகளாலேயே கழுவிப் பராமரித்தார்.