ஜெபம் விருப்பம், பந்தி கட்டாயம்

சதுரங்கப்பட்டினம்

அன்புள்ள தம்பிக்கு,

லுத்தரன் சபை நடத்தும் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, விடுதியில்தான் தங்க வேண்டும், காலையில் ஜெபம் உண்டாம், நான் அதில் நிற்க வேண்டுமா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். சட்டம் உன் பக்கம்தான் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் நீ கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அந்த விடுதியில் சோற்றுத் தட்டோடு யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்? ஒரு மதத்தார் நடத்தும் பள்ளியை மதிப்பிட நான் முதலில் பார்ப்பது அதைத்தான். நம்பிக்கை விஷயத்தில் பிள்ளையை அதன் போக்கில் விட வேண்டும். பந்தி விஷயத்தில் விடவே கூடாது. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு நம் கடற்கரையிலேயே முந்நூறு வருடச் சாட்சி கிடக்கிறது.

நம் ஊர்க் கோட்டையிலிருந்தே தொடங்குவோம். டச்சுக்காரர்கள் இங்கே வந்தது மஸ்லின் துணிக்காக. கிடங்கும் மதிலும், குடும்பச் சின்னங்களை அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கிய கல்லறைக் கற்களும் மிச்சம் இருக்கின்றன. பள்ளிக்கூடம் என்று சொல்ல இன்று கண்ணில் படுவது எதுவும் இல்லை. அவர்களும் புராட்டஸ்டண்டுகள்தாம், ஆனால் லுத்தர் வழி அல்ல, கால்வின் வழி. பள்ளி நடத்தத் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதே. 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு அங்கே கோயிற்பற்றுதோறும் பள்ளி வைத்தார்கள். ஞானஸ்நானம் பெற்றவனுக்குத்தான் டச்சுக் கம்பெனி உத்தியோகம். பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் கல்யாணமும் வாரிசுரிமையும் செல்லும். பிள்ளையை அனுப்பாத வீட்டுக்கு அபராதம். ஏட்டில் லட்சக்கணக்கில் கிறிஸ்தவர்கள் சேர்ந்தார்கள். 1795-இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் தளர்ந்ததும், சில ஆண்டுகளுக்குள் அவர்களில் பெரும்பாலோர் பழையபடி சைவத்துக்குத் திரும்பிவிட்டார்கள். திரும்பினார்கள் என்பதுகூடச் சரியில்லை. வீட்டுக்குள் பலர் எப்போதும் சைவர்களாகவே இருந்தார்கள்.

நம் கரையிலேயே தெற்கே தரங்கம்பாடியில் நடந்தது வேறு. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய மிஷனரிகள் சீகன்பால்கும் புளுட்சோவும் 1706 ஜூலையில் அங்கே வந்து இறங்கினார்கள். லுத்தரன் சபையின் தமிழ் வரலாறு தொடங்குவது அங்கேதான். வந்ததும் அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்குப் பிரசங்கங்களைவிடப் பெரிதாகப் படுகிறது. வயதான ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தங்கள் வீட்டிலேயே பள்ளியை நடத்தச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்துப் பழகினார்கள். அடுத்த ஆண்டே பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பள்ளி தொடங்கினார்கள். 1712 முதல் தமிழ் இந்துக்களுக்குக் கேள்விகள் அனுப்பிப் பதில் கடிதங்கள் வாங்கி ஜெர்மனில் மொழிபெயர்த்தார்கள். குடிக்கிறீர்கள், மாட்டிறைச்சி தின்கிறீர்கள், சுத்தம் இல்லை என்று அந்தக் கடிதங்கள் கிறிஸ்தவர்களை நேருக்கு நேர் சாடின. அவற்றையும் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிட்டார்கள். மதம் மாற்றத்தானே வந்தார்கள் என்று நீ கேட்பாய். ஆமாம், அதை அவர்கள் மறைக்கவே இல்லை. ஆனால் நோக்கம் ஒன்றாக இருக்கும்போதே பழக்கம் வேறொன்றாக வளரலாம். பிறகு வந்த மிஷனரி சுவார்ட்ஸ் 1780-களில் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்க உதவியபோது, பிராமணப் பிள்ளைகளும் வந்து படித்தார்கள். அவருடைய பராமரிப்பில் வளர்ந்த சரபோஜி மன்னர் கடைசிவரை இந்துவாகவே இருந்தார். சுவார்ட்ஸ் இறந்த பின் இங்கிலாந்திலிருந்து சலவைக்கல் சிற்பம் வரவழைத்து நினைவுச்சின்னம் வைத்தவரும் அவரே. யாழ்ப்பாணத்துத் தோம்பு சம்பாதிக்காத மரியாதை இது.

இதோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும், உனக்குத்தான் உதவாது. தரங்கம்பாடியில் 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே வேளாளர் முதலான சாதிக் கிறிஸ்தவர்கள் ஒருபுறமும் பறையர் சமூகத்துக் கிறிஸ்தவர்கள் ஒருபுறமுமாக உட்கார்ந்தார்கள். ஒரே கடவுள், ஒரே ஞானஸ்நானம், உட்காரும் இடம் மட்டும் வேறு. 1833-இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமை சபைக்குள் ஆகவே ஆகாது என்று உத்தரவு போட்டதும் தஞ்சாவூரிலும் சென்னையிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப் பிரிந்தார்கள். 1840-இல் ஜெர்மனியிலிருந்து லுத்தரன் மிஷன் திரும்ப வந்தபோது அவர்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அங்கே இவ்வளவு கெடுபிடி இல்லை. அதற்கு, லைப்சிக் மிஷன் என்று பெயர் பெற்ற அந்த மிஷனின் தலைவர் கார்ல் கிரௌல் சொன்ன நியாயத்தைக் கவனி. சாதி ஒரு சமூக வழக்கம், சட்டம் போட்டு அதை ஒழிக்க முடியாது, சுவிசேஷம் உள்ளே இறங்க இறங்கத் தானே கரையும் என்றார். மனசாட்சியைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அதே நல்ல கொள்கைதான், தம்பி. யாழ்ப்பாணத்தில் இல்லாமல் போன அந்தக் கொள்கை இங்கே இடம் மாறி வந்து பெஞ்சுக்குக் காவல் நின்றது.

எங்கே பிசகிற்று? நான் எதை நம்புகிறேன் என்பது என்னோடு முடிகிற விஷயம். என் பக்கத்தில் இன்னார் உட்காரக் கூடாது என்பது என்னோடு முடிவதில்லை. எழுந்து போக வேண்டியவன் இன்னொருவன். அவனுடைய இடத்தை என் மனசாட்சி என்று பெயர் சூட்டி நான் எடுத்துக்கொள்ள முடியாது. கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரிக்கு இது அன்றைக்கே புரிந்தது. சாதிச் சகிப்பை எதிர்த்து லைப்சிக் மிஷனை விட்டு வெளியேறி, 1860-களின் தொடக்கத்தில் நெல்லிக்குப்பம் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக ஊழியம் தொடங்கினார். டென்மார்க்கின் மிஷன் சங்கம் அவரோடு சேர்ந்தது; இன்றைய ஆற்காடு லுத்தரன் சபை அதிலிருந்து வளர்ந்தது. திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் மேல்நிலைப் பள்ளி என்று பெயர்ப் பலகை பார்த்தால், அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பந்திச் சண்டை இருக்கிறது என்று நினைத்துக்கொள். அண்ணாமலையார் ஊரில் ஒரு லுத்தரன் பள்ளி நிலைத்திருப்பது எல்லோரையும் மதம் மாற்றியதால் அல்ல என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பந்திதான் முக்கியம் என்றால் அரசுப் பள்ளியே போதுமே, ஜெபமும் கீர்த்தனையும் எதற்கு என்று உன் அப்பா கேட்கலாம். பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். லுத்தரே 1524-இல் ஜெர்மானிய நகரசபைகளுக்குப் பள்ளி வைக்கச் சொல்லி எழுதிய கடிதத்தில், ஆன்மாவைப் பற்றிய கவலையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஊரை நடத்தப் படித்த ஆண்களும் பெண்களும் வேண்டாமா என்றுதான் வாதாடுகிறார். ஆனாலும் ஒன்று பாக்கி இருக்கிறது. தன் நம்பிக்கையை வெளிப்படையாக வாழ்கிற மனிதர்களோடு ஒரே வளாகத்தில் இருந்து பார்ப்பதும் படிப்புதான். அறுப்பின் பண்டிகையில் வாழைத்தாரும் பூசணிக்காயும் கோழியும் கொண்டுவந்து படைப்பார்கள். பிறகு ஆலய வாசலில் ஏலம். ஒற்றை முட்டைக்குக் கடையில் விற்கிற விலையைப்போலப் பல மடங்கு கேட்டு, எடுத்தவரே அதை மறுபடி ஏலத்துக்குத் திருப்பிக் கொடுப்பார். நமது கோயில் திருவிழாவைப் பார்த்து வளர்ந்த உனக்கு அந்தச் சந்தோஷம் அந்நியமாக இருக்காது. இன்னொரு பக்கத்திலிருந்தும் ஆட்சேபம் வரும்: ஜெபத்தை விருப்பத்துக்கு விட்டால் விசுவாசம் வெறும் நல்லொழுக்கமாகச் சுருங்கிப் போகாதா என்று பள்ளியை நடத்துகிறவர்களே கேட்பார்கள். 1523-இல் லுத்தர் எழுதிய நூலில், அரசாங்கத்தால் யாரையும் நம்பவைக்க முடியாது என்று வற்புறுத்துகிறார். அதை ஹெட்மாஸ்டருக்கும் வார்டனுக்கும் பொருத்தினால் விசுவாசத்துக்குக் குறை ஒன்றும் வந்துவிடாது.

இனி சட்டம். அரசியலமைப்பின் 30-ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குத் தங்கள் பள்ளியை நடத்தும் உரிமை தருகிறது. 28(3) பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் ஒப்புதல் இல்லாமல் யாரையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்கிறது. மாணவன் மைனர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஆகவே சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும்முன் அப்பாவை முழுதாகப் படிக்கச் சொல். வேதபாட வகுப்பு நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நீதிபோதனை வகுப்பு உண்டா என்று கேளுங்கள். பந்திக்கு வந்தால் எந்த ஒப்புதலும் கேட்கத் தேவையில்லை. நாங்குநேரியில் பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் தந்த அறிக்கையில், மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னது. சாதிக் கயிறு வேண்டாம் என்றது. எல்லாப் பள்ளிக்கும் சொன்னதுதான், மிஷன் பள்ளி விலக்கல்ல. அப்பா ஒப்புதல் எழுதிக் கொடுக்காதவரை ஜெபத்தில் நிற்பதும் நிற்காததும் உன் இஷ்டம். நின்றால் சும்மா நில், கீர்த்தனை பிடித்திருந்தால் பாடு. முதல் மாதம் மெஸ்ஸில் பார்: தட்டு, டம்ளர் எல்லோருக்கும் ஒன்றா, ஊர் ஊராகப் பிள்ளைகள் தனித்தனிக் கூட்டமாக உட்காருகிறார்களா, சாப்பிட்ட இடத்தைத் துடைக்கும் முறை எல்லோருக்கும் சுற்றி வருகிறதா, இல்லை சில பெயர்களிலேயே நிற்கிறதா? பார்த்ததை எனக்கு எழுது. துடைக்கும் முறை சில பெயர்களிலேயே நிற்கிறது என்றால் முதலில் வார்டனிடம் நீயே கேள். கேட்டுவிட்டு அவர் சொன்ன பதிலையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்