பெருவழி ஆற்றைக் கடந்த இடம்

ஹூக்ளி ஆற்றின்மீது நாம் நாள்தோறும் காணும் ஹௌரா பாலம் 1943ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு முன் 1874 முதல் அங்கு ஒரு மிதவைப் பாலம் இருந்தது. அதற்கும் முன்? படகுதான். படகு புறப்படும் கரையை வங்காளத்தார் ‘காட்’ என்பர். தமிழர் ‘துறை’ என்பர். பாலம் இடிந்தாலும் அதன் கல்தூண்கள் எஞ்சும். துறை மறைந்தால் எது எஞ்சும்? இவ்வினாவிற்கு விடை தேடிக் கொங்கு நாட்டிற்குச் செல்வோம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்னும் இடைவெளி உள்ளது. அதன் அகலம் சுமார் 30 கிலோமீட்டர். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் உரோமானியக் கப்பல்கள் மிளகு வாங்குவதற்காக மேலைக் கடற்கரையின் முசிறித் துறைமுகத்திற்கு வந்தன. முசிறியை உள்நாட்டோடு இணைத்த பெருவழி, இக்கணவாயைக் கடந்து, நொய்யல் ஆற்றை ஒட்டிக் கிழக்கு நோக்கிச் சென்று, சேரர் தலைநகராகிய கருவூரை அடைந்தது. கருவூரே இன்றைய கரூர்.

இவ்வழியைச் சிலர் ‘உரோமானியச் சாலை’ என்று எழுதுவர். அது பொருந்தாது. உரோமானியர் தம் நாட்டில் கல் பரப்பிச் சாலை அமைத்தனர். இங்கு அவர்கள் ஒரு கல்லும் பதிக்கவில்லை. காசு உரோமானியருடையது, நடந்த கால்கள் நம் வணிகருடையவை. பிற்காலத்தில் சோழர் இப்பகுதியின் பாதை ஒன்றிற்கு ‘இராசகேசரிப் பெருவழி’ எனப் பெயரிட்டனர். அப்பெயர் பொறித்த கல்வெட்டு கோயம்புத்தூரை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில் உள்ளது.

மண் பாதை மழையில் கரையும், உழவில் அழியும். ஆகவே, அது சென்ற திசையை வழியோரத்துப் பொருள்களைக் கொண்டே அறிய வேண்டும். நொய்யல் கரையிலுள்ள வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட உரோமானிய வெள்ளிக்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. கிழக்கே, அதே ஆற்றின் வடகரையில் கொடுமணல் உள்ளது. பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ எனக் குறிப்பிடும் ஊர் இதுவே என்பர். அங்கு 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், மணிகள் செய்த தொழிற்கூடத்தின் எச்சங்களும், தமிழி எழுத்துகள் கீறப்பட்ட நூற்றுக்கணக்கான பானை ஓடுகளும் வெளிப்பட்டன.

இனி ஆற்றைக் கடப்போம். கருவூரிலிருந்து உறையூர் நோக்கிச் செல்பவர் அமராவதியைக் கடந்தே ஆகவேண்டும். இன்றைய கரூர் – திருச்சிராப்பள்ளிச் சாலை ஆற்றைப் பாலத்தின்மேல் கடக்கிறது. அன்று பாலம் இல்லை. அமராவதி ஆண்டு முழுதும் கரைபுரளும் ஆறன்று. கோடையில் மணலில் வண்டி இறங்கி ஏறும். வெள்ளக் காலத்தில் ஓடமோ பரிசலோ தேவைப்படும். இத்தகைய துறையில் அகழாய்வாளர் தேட ஒரு தூணும் இராது.

ஆயினும், அமராவதி ஆற்றுமணலில் காசுகள் கிடைத்துள்ளன, ஒன்றிரண்டல்ல, ஏராளம். சேரர் காசுகளும், கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளின் உரோமானியச் செப்புக்காசுகளும், பெயர் பொறித்த முத்திரை மோதிரங்களும் அவற்றுள் அடங்கும். புதையலாகப் புதைப்பவர் பொன்னையும் வெள்ளியையும் பானையில் இட்டு மூடுவர். இவையோ பெரும்பாலும் தேய்ந்த சில்லறைக் காசுகள். இவை மணலுக்குள் எவ்வாறு வந்தன? கடக்கும்போது மடியிலிருந்து நழுவியிருக்கலாம். கரையிலிருந்த நகரை வெள்ளம் அரித்துக் கொணர்ந்திருக்கலாம். ஆற்றை வணங்கி மக்களே எறிந்திருக்கலாம்.

மூன்றாவது காரணத்தைப் புறக்கணிக்க இயலாது. கங்கைப் பாலத்தில் தொடர்வண்டி செல்லும்போது பயணியர் காசு எறிவதை நீங்களே கண்டிருப்பீர்கள். இங்கிலாந்தின் வடபகுதியில், டீஸ் ஆற்றங்கரையிலுள்ள பியர்ஸ்பிரிட்ஜ் என்னும் ஊரில் உரோமானியச் சாலை அந்த ஆற்றைக் கடந்தது. அங்கு ஆற்றின் அடியிலிருந்து மூழ்குவோர் காசுகள் உள்ளிட்ட பல பொருள்களை எடுத்துள்ளனர். அவற்றுள் பல காணிக்கைகள் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அவ்வூரில் மற்றொரு வியப்பும் உண்டு. 1972ஆம் ஆண்டு சரளைக்கல் தோண்டியபோது உரோமானியப் பாலத்தின் அடிக்கற்கள் ஒரு வயலில் வெளிப்பட்டன! ஆறு வடக்கே விலகிவிட்டது; பாலம் நிலத்தில் தனித்து நின்றுவிட்டது. காளிகாட் கோயிலை ஒட்டி ஓடும் ஆதிகங்கையும் ஒருகாலத்தில் பெரிய ஆறாக இருந்ததே.

கருவூர்க் காசுகளுக்கு ஒரு பெருங்குறை உண்டு. கொடுமணலில் ஒவ்வொரு பொருளும் எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று குறிக்கப்பட்டது. அமராவதிக் காசுகளுள் பெரும்பாலானவை மணலை அரித்தோர் கையில் கிடைத்து, வணிகர் வழியாகச் சேகரிப்பாளரிடம் சென்றன. காசில் அரசன் பெயர் இருக்கிறது. அது கிடந்த இடம் தொலைந்துவிட்டது. ஒரே மணல்திட்டில் நூறு காசுகள் கிடந்திருந்தால் அத்திட்டையே துறை எனக் கருத இடமுண்டு. அள்ளிய மணல் இன்று ஏதேனும் ஒரு கட்டடத்தின் சுவருக்குள் இருக்கும்.

அருஞ்சொற்பொருள்: பெருவழி – நெடுந்தொலைவு செல்லும் பெரிய பாதை, பரிசல் – வட்ட வடிவக் கூடைப்படகு, தமிழி – பழந்தமிழ் எழுத்து, மண்ணடுக்கு – காலந்தோறும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மண்.

பயிற்சி

1. ‘உரோமானியச் சாலை’ என்னும் பெயர் ஏன் பொருந்தாது?
2. புதையல் காசுகளுக்கும் ஆற்றுமணல் காசுகளுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. காசுகள் மணலுக்குள் வந்ததற்கு மூன்று காரணங்கள் கூறப்பட்டுள்ளன. உங்களுக்கு ஏற்புடையது எது? காரணம் காட்டி ஐந்து வரிகள் எழுதுக.
4. உங்கள் வீட்டிற்கு அருகிலுள்ள ‘காட்’ ஒன்றின் பெயர்க் காரணத்தைப் பெரியோரிடம் கேட்டுத் தமிழில் எழுதுக.